வரி கேட்டார்கள்... ஊரே காலி!

வரி நோட்டீஸ் வந்தால் நமக்கு வயிற்றைக் கலக்கும். ஒரு ஊரே மூட்டை கட்டிய கதை தெரியுமா?

அமெரிக்காவில் மார்மன்கள் என்று ஒரு கிறிஸ்தவப் பிரிவினர். 1865-ல் அவர்கள் தலைவர் பிரிகாம் யங், 'போய்ப் பருத்தி போடுங்கள்' என்று சில குடும்பங்களைப் பாலைவனத்துக்கு அனுப்பினார். மறுபேச்சில்லை, போனார்கள். மட்டி என்ற சின்ன ஆற்றிலிருந்து கால்வாய் வெட்டினார்கள். கொளுத்துகிற வெயிலில் பருத்தி, கோதுமை, மரங்கள்... ஊருக்கு செயின்ட் தாமஸ் என்று பெயர்.

தாங்கள் இருப்பது யூட்டா என்றே நினைத்தார்கள். 1870-ல் சர்வேக்காரர்கள் அளந்து பார்த்து, 'இல்லீங்க, இது நெவாடா!' என்றார்கள். நெவாடா சும்மா இருக்குமா? 'பாக்கி வரியை எடு. தங்கமோ வெள்ளியோதான் வேணும்!' பண்டமாற்றில் வண்டி ஓட்டியவர்களிடம் தங்கத்துக்கு எங்கே போவது? 1871-ல் வீடு, வயல், ஆறு வருஷ உழைப்பு எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் கிளம்பினார்கள். டேனியல் பொனெல்லி குடும்பம் மட்டும் அசையவில்லை. (எந்த ஊரிலும் ஒரு பிடிவாதக்காரர் உண்டே!)

பிறகு வேறு ஜனங்கள் குடியேறினார்கள். அவர்களை விரட்டியது தண்ணீர்! ஹூவர் அணை கட்டியதும் ஏரி ஏறிக்கொண்டே வந்தது. கடைசி ஆள் ஹ்யூ லார்ட், 1938-ல் வீட்டு வாசலை வெள்ளம் தொட்ட பிறகே படகேறினார். ஒரு கட்டத்தில் ஊருக்கு மேல் 60 அடித் தண்ணீர்.

2000-க்குப் பிறகு வறட்சி. ஏரி வற்றி, ஊர் வெளியே வந்துவிட்டது. பள்ளிக்கூடப் படிக்கட்டு இருக்கிறது, பள்ளிக்கூடம் இல்லை. ஐஸ்க்ரீம் கடைச் சுவர்கூட நிற்கிறது. நடந்து போய்ப் பார்க்கலாம். குடிக்கத் தண்ணீர் மட்டும் நீங்கள்தான் கொண்டுபோகணும்!