கிரகணம் லேட்டா வந்தா... ஒளிந்திருப்பது யார்?

எல்லா நட்சத்திரங்களும் சூரியனைப்போலத் தனியாக இருப்பதில்லை. பல, ஜோடியாக ஒன்றையொன்று சுற்றுகின்றன.

சில ஜோடிகளில் ஒன்று அவ்வப்போது மற்றொன்றை நம் பார்வையிலிருந்து மறைக்கும். வெளிச்சம் குறையும். அதுதான் கிரகணம்.

இந்தக் கிரகணங்கள் கடிகாரம் மாதிரி நேரம் தவறாமல் வரவேண்டும். தவறினால்?

கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது ஆள் பக்கத்தில் இருக்கலாம்!

அதன் ஈர்ப்பால் ஜோடியே மெல்ல முன்னும் பின்னும் அசையும். விலகிப் போகும்போது ஒளி கூடுதல் தூரம் வரணும். ஒளி விநாடிக்குச் சுமார் 300,000 கிலோமீட்டர் செல்லும். நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஜோடி 18 மில்லியன் கிலோமீட்டர் தள்ளிப் போனால், கிரகணம் நமக்கு ஒரு நிமிடம் தாமதமாகத் தெரியும்.

கேட்க எளிதா இருக்கு, இல்லையா? ஆனால் வி471 டாரி ஆய்வாளர்களைக் குழப்பிவிட்டது.

நம்ம கார்த்திகையும் ரோகிணியும் இருக்கும் ரிஷப விண்மீன் கூட்டத்தில்தான் இந்த ஜோடியும் இருக்கிறது. ஒன்று, எரிந்து முடிந்து சுருங்கிப்போன 'வெள்ளைக் குள்ளன்'. மற்றொன்று, சூரியனைவிடச் சற்றுச் சிறிய நட்சத்திரம். சுமார் 12.5 மணி நேரத்துக்கு ஒருமுறை வெள்ளைக் குள்ளன் மறையும்.

அந்த நேரம் பல ஆண்டுகளாக முன்னும் பின்னும் மாறியது. 'பழுப்புக் குள்ளன்' ஒன்று ஒளிந்திருப்பதாகச் சந்தேகித்தார்கள். அது கிரகத்தைவிடக் கனமானது, ஆனால் நட்சத்திரமாக எரியும் அளவுக்குக் கனம் போதாதது.

அது இருக்கவேண்டிய இடத்தையே சிலியில் உள்ள பெரிய தொலைநோக்கியில் 'ஸ்பியர்' எனும் கருவியைக் கொண்டு படம்பிடித்தார்கள். முடிவு 2015இல் வெளியானது.

அங்கே ஒன்றுமே இல்லை.

கருவியின் மேல் பழிபோடவும் முடியாது. கணித்த அளவில் பழுப்புக் குள்ளன் இருந்திருந்தால் படத்தில் சிக்கியிருக்கணும்.

அப்போ யார் காரணம்? இப்போது சந்தேகம் ஜோடியில் உள்ள அந்தச் சிறிய நட்சத்திரத்தின் மேல். அதன் காந்தப்புலம் மாறும்போது நட்சத்திரத்தின் வடிவமும் லேசாக மாறும், ஈர்ப்பு மாறும், சுற்றும் வேகமும் மாறும். அப்படியென்றால் ஒளி தாமதமாக வரவில்லை, கிரகணமே உண்மையில் நேரம் தவறுகிறது. பூமியிலிருந்து பார்க்க இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். சிக்கலே அதுதான்.

நல்லவேளையாக அங்கே இன்னொரு கடிகாரமும் உண்டு. வெள்ளைக் குள்ளன் சுமார் 9 நிமிடத்துக்கு ஒருமுறை தன்னைத்தானே சுற்றுகிறது. அதன் ஒளியும் அதற்கேற்பக் கூடிக் குறைகிறது. மூன்றாவது ஆள் இழுத்தால் இரண்டு கடிகாரங்களும் சேர்ந்தே பிந்தணும். 2017இல் ஒப்பிட்டுப் பார்த்தபோது, இரண்டும் ஒத்துப்போகவில்லை.