குருத்துக் கலமும் அறுந்த தசைநாணும்

சென்ற வருடம் நோன்புப் பெருநாள் கழிந்து சில நாட்களில், கற்பிட்டியிலிருந்து என் பெரியம்மாவின் மகன் வீட்டுக்கு வந்தார். முப்பது வருடத்துக்கு மேல் கரைவலை இழுத்த மனிதர். உட்கார்ந்ததும் வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டார்.

"தக்பீர் கட்ட கையத் தூக்க ஏலா தம்பி. காது வரைக்கும் வருதில்ல."

பிறகு தொலைபேசியில் ஒரு விளம்பரத்தைக் காட்டினார். வெளிநாட்டுச் சிகிச்சை நிலையமொன்றினது. "ஊசி ஒண்டு ஈக்கிதாம். போட்டா அறுந்த நரம்பு திரும்ப முளைச்சி வருமாம். மெய்தானா? மெய்யெண்டா உங்கட மதினிட நகைய அடகு வெக்கலாம் எண்டு யோசிக்கிறன்."

நான் வைத்தியன் அல்லன். பாடசாலையில் உயிரியல் படிப்பிப்பவன். இரண்டு கிழமை அவகாசம் கேட்டு, தேடி வாசித்தேன். நானாவுக்குச் சொன்னதையே இங்கு எழுதுகிறேன். நம் கரையோரத்தில் இதே கேள்வியோடு பல வீடுகள் இருக்கக்கூடும்.

முதலில் ஒரு சொல்லைத் திருத்திக்கொள்வோம். நானா 'நரம்பு' என்றது நரம்பு அல்ல. தசையை எலும்போடு கட்டிவைக்கும் தசைநாண். இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் உரியதல்ல. பழைய கிரேக்க மொழியிலும் இரண்டுக்கும் ஒரே சொல்தான் இருந்தது. நாணில் நரம்பு கலந்திருக்கிறது என்று நம்பிய கேலன், அதைத் தைத்தால் வலிப்பு வரும் என்று அஞ்சினார். அறுந்த நாணைத் தைக்கலாம் என்று எழுதிய முன்னோடியாக இப்னு சீனாவை (980–1037) சத்திரசிகிச்சை வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகிறார்கள்.

தசைநாணை விளங்கிக்கொள்ள நம் ஊர்த் தும்புக் கயிறே போதும். தும்பைத் திரித்துப் புரி, புரிகளை முறுக்கிக் கயிறு. நாணும் அப்படித்தான்: கொலாஜன் என்னும் புரத இழைகள் கட்டுக்கட்டாக, எல்லாம் ஒரே திசையில் அடுக்கப்பட்டிருக்கின்றன. அதன் பலம் அந்த ஒழுங்கில்தான் இருக்கிறது. ஆனால் நாணுக்கு இரத்த ஓட்டம் குறைவு, அதைப் பராமரிக்கும் கலங்களும் குறைவு. எனவே காயம் மெதுவாகவே ஆறும். ஆறினாலும் அங்கே வருவது முறுக்கிய கயிறு அல்ல, கசங்கிய தும்பு. அந்தத் தழும்பு இழையம் பழைய நாணைப் போல இழுவையைத் தாங்காது, திரும்பவும் கிழியும்.

இந்த இடத்தில்தான் ஸ்டெம் செல், அதாவது குருத்துக் கலம் வருகிறது. தென்னங்குருத்திலிருந்துதான் ஓலையும் பாளையும் வருகின்றன. அதுபோல, இன்ன வேலைக்கு என்று இன்னும் முடிவாகாத கலங்கள் நம் எலும்பு மச்சையிலும் கொழுப்பிலும் உள்ளன. அவற்றை எடுத்துக் காயத்தில் வைத்தால் தழும்புக்குப் பதிலாக நல்ல நாண் உருவாகாதா? இதுதான் விஞ்ஞானிகளின் கேள்வி.

இதற்கு ஓரளவு நல்ல விடை குதிரைகளிடமிருந்து கிடைத்தது. பந்தயக் குதிரைகளின் முன்காலில் நாண் அடிக்கடி கிழியும். லண்டன் ரோயல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் பேராசிரியர் ரோஜர் ஸ்மித்தும் அவரது குழுவினரும் குதிரையின் மச்சையிலிருந்தே கலங்களை எடுத்து, ஆய்வுகூடத்தில் பெருக்கி, கிழிசலுக்குள் செலுத்தினார்கள். 2012இல் வெளியான அவர்களது ஆய்வில், 113 குதிரைகளைக் குறைந்தது இரண்டு வருடம் கவனித்ததில் ஏறக்குறைய 27 வீதமானவற்றுக்கே மீண்டும் காயம் வந்தது. பழைய சிகிச்சை முறைகளில் பந்தயக் குதிரைகளுக்கு இது பாதியளவுக்கும் மேல் இருந்தது.

"குதிரைக்குச் சரிவந்தது மனிசனுக்கு ஏன் சரிவராது?" என்று நானா உடனே கேட்டார். நியாயமான கேள்வி. குதிரையின் காயம் நாணின் நடுவே, சுற்றிலும் மூடிய ஒரு பொந்தாக இருக்கும். ஊற்றிய கலங்கள் அங்கே தங்கும். மனிதத் தோளில் நாண் பெரும்பாலும் எலும்பிலிருந்து கழன்று விடுகிறது. கழன்ற முனை உள்ளே சுருங்கியும் போகும். விலகிய இரு முனைகளை ஊசி மருந்து இழுத்துக் கட்டாது. அது மட்டுமல்ல, செலுத்தும் கலங்களில் பெரும்பகுதி சில நாட்களிலேயே மறைந்துவிடுகிறது. அவை புதிய நாணாக மாறுவதைவிட, அழற்சியைத் தணிக்கும் பொருட்களைச் சுரந்து உதவுகின்றன என்றே இன்று பலர் கருதுகிறார்கள்.

மனிதரில் நம்பிக்கை தரும் ஆய்வு இல்லாமலில்லை. பிரான்ஸில் பிலிப் ஹெர்னிகூ 2014இல் வெளியிட்ட ஆய்வில், தோள் நாண் தைக்கப்பட்ட 45 பேருக்கு அவர்களது மச்சைச் செறிவும் சேர்த்து வைக்கப்பட்டது. பத்து வருடத்தின் பின் அவர்களில் 87 வீதத்தினரின் நாண் அறாமல் இருந்தது. தையல் மட்டும் போட்ட 45 பேரில் 44 வீதம். ஆனால் இது சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வல்ல. முக்கியமாக, அங்கே மச்சை தையலுக்குப் பதிலாக அல்ல, தையலோடு சேர்த்தே வைக்கப்பட்டது. விளம்பரம் மறைப்பது இந்த ஒரு வரியைத்தான்.

ஆபத்தும் உண்டு. 2018இல் அமெரிக்காவில் தொப்புள்கொடி இரத்தத்திலிருந்து செய்த ஊசியை வலிக்காகப் போட்ட 12 பேர் கிருமித்தொற்றால் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டனர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டலும், சில இரத்த நோய்கள் போன்றவற்றுக்கான மச்சை மாற்றுச் சிகிச்சை தவிர்ந்த ஏனைய பயன்பாடுகளைப் பதிவு செய்த ஆய்வுக்குள் மட்டுமே செய்யச் சொல்கிறது.

மார்க்க ரீதியில் தடை உண்டா என்றும் நானா கேட்டார். 2003 டிசம்பரில் மக்காவில் கூடிய ராபிததுல் ஆலமில் இஸ்லாமியின் ஃபிக்ஹ் பேரவை, சம்மதத்துடன் வளர்ந்தவர்களிடமிருந்து பெறும் குருத்துக் கலங்களை, பாதிப்பில்லாவிடின், சிகிச்சைக்குப் பயன்படுத்த அனுமதித்தது. வேண்டுமென்றே கலைத்த கருவிலிருந்து எடுப்பதைத் தடுத்தது. ஆகவே தன் சொந்த மச்சை என்றால் தடை மார்க்கத்தில் இல்லை. போதிய ஆதாரம் இல்லாததுதான் தடை.

அப்படியென்றால் என்ன செய்வது? திடீரென விழுந்தோ பாரம் தூக்கியோ கை தூக்க முடியாமற் போனால் தாமதிக்காமல் எலும்பு முறிவு வைத்திய நிபுணரைக் காண வேண்டும். தைக்க வேண்டிய நாணை நேரத்தோடு தைக்க வேண்டும். நாட்பட்டுத் தேய்ந்து கிழிந்ததற்கு முதல் மருந்து முறையான பயிற்சி. அமெரிக்காவில் இத்தகைய கிழிசல் உள்ள 452 பேருக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்ததில், இரண்டு வருடத்துக்குள் சத்திரசிகிச்சைக்குப் போனவர்கள் கால்வாசி பேரும் இல்லை. யாராவது குருத்துக் கல ஊசி என்றால் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்தக் கலம், எங்கிருந்து எடுத்தது? இது பதிவு செய்த ஆய்வா? ஆய்வென்றால் நோயாளியிடம் ஏன் பணம்?

நானாவுக்கு ஸ்கேனில் தெரிந்தது பகுதிக் கிழிசல். வீட்டு வளையில் கப்பி மாட்டி, கயிற்றைப் பிடித்து, சொல்லிக்கொடுத்தபடி தினமும் பயிற்சி செய்தார். முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. "சும்மா கயிறு இழுக்கிறன்" என்று கோபித்தார். ஐந்தாவது மாதம் கை காது வரை வந்தது. கரைவலைக்கு அவர் திரும்பவில்லை. இப்போது கரையில் இருந்து வலை பின்னுகிறார்.

மதினியின் நகை அலுமாரியில்தான் இருக்கிறது.