கலப்பற்று

பஞ்சு வியாபாரியான எனக்குப் பிடித்த செய்தி இது. நம் மும்பையில் தேக்கில் கட்டிய 32 அடிப் பாய்மரப் படகு 'சுஹைலி'. ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1968-69இல் அதில் தனியாளாக, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றினார். வழியில் பலகை இடுக்கில் கசிவு. மனிதர் கடலில் முங்கிப் பஞ்சைத் திணித்து அடைத்தார்! இவ்வேலைக்கு நம் அகராதிச் சொல் 'கலப்பற்று'.

1997இல் படகு கிரீனிச் அருங்காட்சியகம் சேர்ந்தது. ஈரம் கட்டுப்படுத்திய காற்றில் பலகைகள் சுருங்கவே, 2002இல் வெளியே எடுத்து மறுபடி பழுது பார்த்தார்.

பழைய மரப்படகைச் செப்பனிடுவோர் கவனிக்க: துருவேறிய இரும்பாணி சுற்றியுள்ள மரத்தையும் கெடுக்கும்; பிடுங்கி மாற்றணும். பஞ்சை அளவோடு திணிக்கணும். மிஞ்சினால், மரம் ஊறி உப்பும்போது பலகையே பிதுங்கும். தண்ணீரில் இறக்கியதும் ஓரிரு நாள் கசியும். இறைத்துக்கொண்டே இருந்தால் மரம் ஊறி இடுக்கு மூடிக்கொள்ளும். நனைந்திருந்தால்தான் மரப்படகுக்கு ஆயுசு.