மலைப் பயணத்துக்கு உடைகள்: பெட்டியில் அல்ல, கைக்கு எட்டும் இடத்தில்

கோடை விடுமுறை முடியும் தறுவாயில் எங்கள் நுரையீரல் நோய்ப் பிரிவுக்கு வரும் முதியோர் பலர் ஒரே செய்தியைச் சொல்வதுண்டு: "ஊட்டிக்குப் போயிருந்தோம்; மழையில் நனைந்துவிட்டோம்; அன்றிரவே மூச்சிளைப்பு தொடங்கிவிட்டது." ஸ்வெட்டர் எடுத்துச் செல்லவில்லையா என்று கேட்டால், எடுத்துச் சென்றோம் என்பார்கள். ஆனால் மழை பெய்த வேளையில் அது விடுதி அறையில், பெட்டிக்குள் இருந்திருக்கும்.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குச் சற்று மேலே உள்ளது. உதகமண்டலம் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் ஏறும்போதும் வெப்பநிலை சுமார் 6 டிகிரி செல்சியஸ் குறைகிறது. ஆகவே, சில மணி நேரப் பயணத்திலேயே 12 டிகிரி வேறுபாட்டை உடல் சந்திக்க நேர்கிறது. மே மாதத்தில் மலையில் காலையில் வெயில் சுள்ளென்று அடிக்கும். பிற்பகலில் திடீரென்று இடியுடன் மழை கொட்டும். இரவில் குளிர் கூடும்.

குளிரைவிட ஈரமே பெரிய எதிரி. நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துகிறது. நனைந்த பருத்தி ஆடை விரைவில் உலராது. உடலோடு ஒட்டிக்கொண்டு வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

எனவே, தடித்த ஒரே உடையை விட மெல்லிய பல அடுக்குகளே நல்லது. முதலில் உடலை ஒட்டிய உள்ளாடை. அதன்மேல் கம்பளி ஸ்வெட்டர். எல்லாவற்றுக்கும் மேலாக நீர் புகாத மழைக்கோட்டு. அடுக்குகளுக்கு இடையில் தங்கும் காற்று வெப்பத்தைக் காக்கும். வெயில் ஏறினால் ஒன்றைக் கழற்றலாம். குளிர்ந்தால் ஒன்றைச் சேர்க்கலாம்.

வெளியே செல்லும்போது ஒவ்வொருவருக்கும் ஒரு மாற்றுடை, இரண்டு இணைக் காலுறைகள், குல்லாய், சிறு துண்டு ஆகியவற்றைப் பிளாஸ்டிக் உறையில் கட்டிக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். மருந்துகளும் அதே பையில் இருக்கட்டும். நனைந்தவுடன் உடை மாற்றுவதே முதல் வேலை. தேநீர் அதற்குப் பிறகுதான்.

சிலருக்குக் கூடுதல் கவனம் வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் மூக்கையும் வாயையும் சால்வையால் மூடிக்கொண்டால் உள்ளே செல்லும் காற்று சற்று வெதுவெதுப்பாகும். இன்ஹேலர் சட்டைப்பையிலேயே இருக்க வேண்டும். குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் இரத்த அழுத்தம் உயரும். இதய நோயாளிகள் குளிரில் வேகமாக மேடேறலாகாது. நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெந்நீர்ப் பையால் காலைச் சூடாக்க வேண்டாம். சுடுவது தெரியாமலே தோல் வெந்துவிடும். உலர்ந்த காலுறையே அவர்களுக்குப் பாதுகாப்பு. முதியோருக்குக் குளிரை உணரும் திறன் குறைவு. "எனக்குக் குளிரவில்லை" என்று அவர்கள் சொன்னாலும் கையைத் தொட்டுப் பாருங்கள். தூக்கிச் செல்லப்படும் குழந்தை நடப்பதில்லை. ஆதலால் உங்களுக்கு வியர்க்கும்போதும் அதற்குக் குளிரலாம். திரும்பி இறங்கும்போது குழந்தையின் கம்பளி உடைகளைக் கழற்ற மறவாதீர்கள்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. போதிய உடையின்றிச் சென்றவர்கள், மூடிய அறைக்குள் கரியடுப்பை வைத்துக் குளிர்காய்வதுண்டு. அதிலிருந்து வெளிவரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமோ மணமோ இல்லை. உறக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். நம் மலை நகரங்களிலேயே இத்தகைய மரணங்கள் நிகழ்ந்துள்ளன. கூடுதலாக ஒரு கம்பளியைக் கேட்டு வாங்குங்கள்; கரியை அறைக்குள் கொண்டுவராதீர்கள்.

மலையிலிருந்து திரும்பிய பின் மூச்சிளைப்போ, நெஞ்சு வலியோ, குறையாத காய்ச்சலோ இருந்தால் காத்திராமல் மருத்துவரை அணுகுங்கள்.