பன்னிரண்டு கிலோ பாஸ்!

திங்கள் முதல் சனி வரை ஆபீஸில் ஒரு பாஸ். அவரையாவது 'டீ சாப்ட்டுட்டு வந்துடறேன் சார்' என்று சொல்லிச் சமாளித்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை பாஸ் வேறு ரகம். உயரம் மூன்றடிக்கும் கம்மி. மொத்தமே சில டஜன் வார்த்தைகள்தான் தெரியும். அதில் பாதி 'வேணாம்', மீதி 'தூக்கு'!

இரண்டு வயதுப் பையனின் சராசரி எடை சுமார் 12 கிலோ என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணை. பெண் குழந்தை என்றால் அரை கிலோ போலக் குறையும். நம் வீட்டு சிலிண்டருக்குள் இருக்கும் காஸ் 14.2 கிலோ. ஆக, கிட்டத்தட்ட ஒரு சிலிண்டர் காஸைத் தோளில் சுமந்துகொண்டுதான் நீங்கள் ஊர் சுற்றப் போகிறீர்கள். சிலிண்டராவது நடுரோட்டில் உட்கார்ந்து பலூன் கேட்டு அழாது!

சனிக்கிழமை ராத்திரி நம்ம ஆள் போடும் பிளானைப் பார்க்க வேண்டுமே... காலையில் கபாலீஸ்வரர் கோயில், அப்புறம் சாந்தோம் சர்ச், அங்கிருந்து கலங்கரை விளக்கம், மத்தியானம் ரங்கநாதன் தெருவில் ஷாப்பிங், சாயந்தரம் கிண்டி சிறுவர் பூங்கா, ராத்திரி ஓட்டலில் டிபன். ஐந்தாண்டுத் திட்டம் மாதிரி இருக்கும். பாதியில் நிற்பதிலும் அதே மாதிரிதான்!

வாண்டுக்கு என்று ஒரு கடிகாரம் இருக்கிறது, அதுதான் விஷயம். ஒன்றிலிருந்து இரண்டு வயது வரை ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரம் தூங்க வேண்டும், பகல் தூக்கமும் இதில் சேர்த்தி என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. அந்தப் பகல் தூக்கம், கரெக்டாக நீங்கள் ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும்போது வரும். வரும், ஆனால் தூங்க முடியாது. அப்புறம் கச்சேரிதான்!

எனவே ஒரே ஒரு விதி: ஒரு ஞாயிறு, ஒரு இடம். சாந்தோம் என்றால் சாந்தோம் மட்டும். வாண்டு மத்தியானம் வீட்டில் தூங்கி எழுந்து, பாலைக் குடித்துவிட்டு, நாலு மணி வாக்கில் கிளம்பட்டும்.

வண்டியில் ஏறுமுன்

ஸ்கூட்டரின் முன்னால் வாண்டு கம்பீரமாக நின்றுகொண்டு வரும் காட்சி சென்னைக்கே உரியது. பார்க்க அழகு, சடன் பிரேக் போடும் வரை. டூவீலரில் வரும் 4 வயதுக்கு உட்பட்ட குழந்தையை ஓட்டுபவரோடு சேர்த்துப் பட்டையால் கட்ட வேண்டும், 9 மாதத்துக்கு மேல் என்றால் அதற்கும் ஹெல்மெட் வேண்டும், வண்டி 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்று மத்திய அரசு 2022-ல் விதியே கொண்டுவந்தது. இதெல்லாம் கஷ்டம் என்றால் இருக்கவே இருக்கிறது பஸ். தமிழ்நாட்டு அரசு பஸ்களில் 5 வயது வரை டிக்கெட் இல்லை என்று 2022-ல் அறிவித்துவிட்டார்கள். ஜன்னலோர ஸீட் மட்டும் பாஸுக்குத் தந்துவிட வேண்டும். அது எழுதப்படாத விதி!

வெள்ளைக் கோபுரம்

சாந்தோம் சர்ச்சின் சரித்திரம் பெரிது. இயேசுவின் சீடர் புனித தோமையாரின் கல்லறை மேல் எழுந்த கோயில் என்பது மரபு. 16-ம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர்கள் இங்கே சர்ச் கட்டினார்கள். ஊருக்குப் பெயரும் அவர்கள் வழியாக வந்ததுதான். இப்போது நாம் பார்க்கும் கட்டடம் 1896-ல் எழுந்தது. 1956-ல் போப்பாண்டவர் இதற்கு பசிலிக்கா அந்தஸ்து தந்தார்.

இதையெல்லாம் நீங்கள் மனைவியிடம் விளக்கிக்கொண்டிருக்கும்போது வாண்டு எதைப் பார்க்கும் என்கிறீர்கள்? வாசலில் மேயும் புறாவை! விடுங்கள். புறாவும் சாந்தோமில்தானே இருக்கிறது? ஒன்று மட்டும் ஞாபகம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூசை நேரம் உண்டு. வாண்டு குரலெடுத்தால் யாராவது ஒருவர் தூக்கிக்கொண்டு வெளியே வரவேண்டும். அந்த ஒருவர் அப்பாவாக இருக்கட்டும். ஆறு நாளும் வீட்டில் அதன் பின்னாலேயே ஓடிய அம்மா பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருக்கட்டுமே!

பக்கத்தில் மெரினாவில் 1977-ல் திறந்த கலங்கரை விளக்கம் இருக்கிறது. பல வருடம் பொதுமக்களை விடாமல் வைத்திருந்து, 2013-ல் மறுபடி அனுமதித்தார்கள். லிஃப்ட்கூட உண்டு. ஆசைதான். ஆனால் அது அடுத்த ஞாயிறுக்கு!

அலையும் மணலும்

சர்ச்சுக்குப் பின்னால் போனால் கடல். அங்கே தோமையார் கம்பம் ஒன்று நிற்கிறது. கடல் அதைத் தாண்டி வராது என்பது இந்தப் பகுதியில் பலருடைய நம்பிக்கை. வாண்டு தாண்டிப் போகும், ஜாக்கிரதை!

நம் கடற்கரை கிழக்குப் பார்த்தது. சாயந்தர வெயில் முதுகுப் பக்கம் போய்விடும். பகலெல்லாம் சூடேறிய தரையின் மேலிருக்கும் காற்று எழும்ப, அந்த இடத்துக்குக் கடல் மேலிருக்கும் குளிர்ந்த காற்று ஓடி வரும். செலவில்லாத ஏ.சி.!

கால் நனைக்கிறேன் பேர்வழி என்று அலைக்குள் இறங்க வேண்டாம். சாந்தமாகத் தெரியும் அலையே திரும்பும்போது காலடி மணலை அரித்துக்கொண்டு போகும். நீரில் மூழ்கும் ஆபத்து மற்ற வயதினரைவிட 1 முதல் 4 வயதுக் குழந்தைகளுக்குத்தான் அதிகம். குழந்தை மூழ்கும்போது சினிமா மாதிரி கத்திக் கூப்பிடாது. சத்தமே வராது. ஈர மணலுக்கு இந்தப் பக்கமே இருக்கட்டும். அலை தொட வேண்டுமா, இடுப்பில் தூக்கிக்கொண்டு போங்கள்.

அம்மா ஒரு கை, அப்பா ஒரு கை பிடித்து 'ஒன், டூ, த்ரீ' என்று ஊஞ்சல் ஆட்டுவதும் வேண்டாமே. இந்த வயதில் முழங்கை மூட்டு சட்டென்று விலகிவிடும். அக்குளில் கை கொடுத்துத் தூக்குவதே சரி.

காணும் பொங்கலன்று மெரினாவில் போலீஸார் குழந்தைகளின் கையில் போன் நம்பர் எழுதிய பட்டை கட்டுவார்கள். அதைச் சாதாரண ஞாயிற்றுக்கிழமையிலும் நாமே செய்யலாம். ஒரு பால்பாயிண்ட் பேனா போதும்.

மற்றபடி சுண்டல், பட்டம், நாய்க்குட்டி, சிப்பி, நண்டு வளை... இவையே தாராளம். ஒரு நண்டு வளைக்கு அரை மணி நேரம் ஒதுக்க வாண்டு தயார். நீங்கள் தயாரா? செல்போனில் ஆபீஸ் மெசேஜ் பார்த்துக்கொண்டே 'ஆமாண்டா கண்ணா, நண்டு' என்றால் அது கண்டுபிடித்துவிடும். அந்த பாஸை ஏமாற்றலாம், இந்த பாஸை முடியாது!

ஒரு கணக்கு சொல்கிறேன். ஒரு வயது முடிந்ததிலிருந்து மூன்று வயது முடியும் வரை மொத்தம் சுமார் 104 ஞாயிறு. காலையில் வாண்டு எழுமுன் கிளம்பி, அது தூங்கிய பிறகு வீடு திரும்பும் அப்பாவுக்குக் கிடைப்பது அவ்வளவுதான். அதில் கல்யாணம், காய்ச்சல், 'அர்ஜெண்ட் வேலை, வந்துட்டுப் போங்க' எல்லாவற்றையும் கழித்துக்கொள்ளுங்கள். மூன்று வயதுக்கு முன்னால் நடந்தவை வளர்ந்த பிறகு பெரும்பாலும் யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. அந்த நண்டு வளையை ஞாபகம் வைத்துக்கொண்டு, பின்னால் ஒருநாள் அதற்கே கதையாகச் சொல்லப்போவது நீங்கள்தான்.

இருட்டத் தொடங்கியதும் கிளம்பிவிடுங்கள். வாண்டு தோளிலேயே தூங்கிவிடும். பன்னிரண்டு கிலோ இருபது கிலோவாகக் கனக்கும். சட்டையெல்லாம் மணல். திங்கட்கிழமை ஆபீஸில் பாக்கெட்டில் கை விட்டால் ஒரு சிப்பி கிடைக்கும். மேஜை டிராயரில் பத்திரமாக வையுங்கள்!