உறவும் முறையும் – 12
ஒரினோக்கோவில் ஒரு ‘திராவிட’ மச்சான்

‘திராவிட’ என்ற அடைமொழியைக் கேட்டதும் நமக்கு முதலில் ஞாபகம் வருவது கட்சிக்கொடி. கொஞ்சம் படித்தவர்களுக்குக் கால்டுவெல்லும், அவர் 1856ல் வெளியிட்ட ஒப்பிலக்கணமும். பினாங்குக்காரர்களுக்கு 1929 டிசம்பரில் பெரியார் இங்கே வந்து இறங்கிய கதையும் தெரிந்திருக்கும்.

மானிடவியல்காரர்கள் இதே சொல்லை வேறொரு காரியத்துக்கு வைத்திருக்கிறார்கள். வெனிசுவேலாவில் ஒரினோக்கோ ஆற்றுப் பக்கம் வாழும் பழங்குடியினர் பியாரோவா. அவர்களின் உறவுமுறையை ‘திராவிட’ வகை என்று நூல்களில் எழுதுகிறார்கள். தமிழ் என்று ஒரு மொழி இருப்பதே அந்த மக்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. இருந்தும் மாமன் பிள்ளை ஒரு கணக்கு, சித்தப்பா பிள்ளை வேறு கணக்கு என்று நம்மைப் போலவே பிரித்து வைத்திருக்கிறார்கள். இங்கே ‘திராவிட’ என்பது இனத்தையும் குறிக்கவில்லை, மொழியையும் குறிக்கவில்லை. அந்தக் கணக்கைத்தான் குறிக்கிறது.

கணக்கு நமக்குப் பழகியதுதான். அப்பாவோடு பிறந்த ஆண் எனக்கு இன்னொரு அப்பா. பெரியப்பாவாக இருப்பார், அல்லது சித்தப்பாவாக. அம்மாவோடு பிறந்த பெண் இன்னொரு அம்மா. இவர்கள் பிள்ளைகள் எனக்கு அண்ணன், தங்கை. ஆண் பெண் மாறினால் உறவும் மாறிவிடும். அம்மாவின் தம்பி அப்பா ஆகமாட்டார், மாமா ஆவார். அப்பாவின் தங்கை அத்தை. அவர்கள் பிள்ளைகள் மச்சான், முறைப்பெண். பெண் கொடுத்தவரும் மாமா, அவர் மனைவியும் அத்தை. கல்யாணம் நடப்பதற்கு முன்பே சொல்லுக்குள் கல்யாணம் உட்கார்ந்திருக்கிறது. பங்காளி ஒரு பக்கம், மாமன் மச்சான் ஒரு பக்கம். மூன்றாவது பக்கம் கிடையாது.

இதைக் கண்டு மேல்நாட்டில் முதலில் அசந்துபோனவர் லூயிஸ் ஹென்றி மார்கன். நியூயார்க் மாநிலத்தில் வழக்கறிஞராக இருந்தவர். பக்கத்தில் வாழ்ந்த செனெக்கா என்ற செவ்விந்திய மக்களின் உறவுப் பெயர்களைத் திரட்டியவர். ஆற்காட்டுப் பக்கம் பணி செய்த ஸ்கட்டர் என்ற அமெரிக்கப் பாதிரியாரிடமிருந்து தமிழ் உறவுப் பெயர்களும் அவர் கைக்கு வந்தன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வரிக்கு வரி ஒத்துப்போகிறது! செவ்விந்தியர் ஆசியாவிலிருந்து போனவர்கள் என்பதற்கு இதுவே சாட்சி என்று முடிவு கட்டி, 1871ல் தலையணை போன்ற ஒரு நூலை வெளியிட்டார். நம் முறைக்கு அதில் அவர் கொடுத்த பெயர் ‘துரானிய’ முறை. ஏங்கெல்ஸ் 1884ல் எழுதிய குடும்பம் பற்றிய நூலில் தமிழரும் செனெக்காக்களும் தலைகாட்டுவது மார்கன் புண்ணியத்தால்.

ஆனால் ஓரிடத்தில் ஒட்டவில்லை. மச்சானுடைய மகன் எனக்கு மருமகன். செனெக்கா ஆணுக்கு அவன் மகன். மார்கன் இதைக் கண்டும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பின்னால் வந்தவர்கள் இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டுதான் இரண்டையும் தனித்தனி வகையாக்கினார்கள். தமிழ்நாட்டில் பிரமலைக் கள்ளர்களோடு தங்கி ஆய்வு செய்த பிரெஞ்சுக்காரர் லூயி துய்மோன் 1953ல் எழுதிய கட்டுரை, திராவிட உறவுப் பெயர்கள் கொள்வினை கொடுப்பினையைச் சொல்பவை, வெறும் ரத்தத் தொடர்பைச் சொல்பவை அல்ல என்றது. என்னைக் கேட்டால் இதற்குப் பாரிஸிலிருந்து ஆள் வந்திருக்க வேண்டாம். எங்கள் தோட்டத்துக் கிழவிகள் ஒரு வெற்றிலை போடும் நேரத்தில் சொல்லியிருப்பார்கள்.

தோட்டம் என்றதும் சிம்பாங் அம்பாட்டுக்கு வருவோம். இந்தச் செபராங் பிறைத் தெற்குப் பகுதி ஒரு காலத்தில் கரும்புக் காடு. பிறகு ரப்பர், அப்புறம் செம்பனை. பத்து காவான், வால்டோர், கலிடோனியா என்று எத்தனை தோட்டங்கள்! 1910ல் ஒப்பந்தக் கூலி முறை ஒழிந்த பின் கங்காணிகள் தங்கள் ஊரிலும் உறவிலும்தான் ஆள் திரட்டினார்கள். லயத்தில் அடுத்த கதவுக்காரர் சொந்தமில்லை என்றாலும் ஒரே ஒரு முறை போதும். அவரை ‘அண்ணே’ என்று கூப்பிட்டுவிட்டால் அவர் மனைவி அண்ணி, அண்ணியின் தம்பி மச்சான், அண்ணன் பிள்ளை என் மகன். ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் லயம் முழுக்கச் சொந்தமாகிவிடும்.

இன்று லயங்கள் போய் தாமான்கள் வந்துவிட்டன. 2014ல் பினாங்கின் இரண்டாவது பாலம் திறந்த பிறகு இந்த வட்டாரத்தின் முகமே வேறு. பக்கத்து வீட்டு மலாய்க்காரர் பாக் லோங், பாக் ஙா என்று பிறந்த வரிசையைச் சொல்வார். அப்பா வழியா அம்மா வழியா என்று பார்ப்பதில்லை. மாமன் பிள்ளையும் சித்தப்பா பிள்ளையும் அவருக்கு ஒன்றே, ‘செபுபு’. எதிர்வீட்டு ஹொக்கியன் சீனரிடம் அப்பாவின் அண்ணன் ஆ பே, தம்பி ஆ செக், அம்மாவின் சகோதரர் ஆ கூ என்று எல்லாவற்றுக்கும் தனித்தனிச் சொல். நமக்கு மட்டும் எல்லாரும் ‘அங்கிள்’.

அண்மையில் சிம்பாங் அம்பாட்டில் ஒரு கல்யாணத்தில் இதன் விளைவைப் பார்த்தேன். மைக்கைப் பிடித்திருந்த இளைஞர் “பொண்ணோட அங்கிள் மேடைக்கு வாங்க” என்றார். மூன்று பேர் எழுந்தார்கள்: பெரியப்பா, தாய்மாமன், சித்தியின் கணவர். மூவரும் பாதி வழியில் நின்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்வரிசைப் பாட்டி சத்தம் போட்டார்: “தாய்மாமன்னு சொல்லுப்பா. அங்கிள்னா ஊரே எந்திரிக்கும்!”

நாம் மறந்தாலும் நாட்டின் சட்டம் இந்தக் கணக்கை மறக்கவில்லை. முஸ்லிம் அல்லாதாருக்கான 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் 11ஆம் பிரிவு அண்ணன், தம்பி, அக்கா, தங்கை பிள்ளைகளை மணப்பதைத் தடுக்கிறது. அடுத்த வரியிலேயே ஒரு விலக்கு: இந்து ஆண் தன் வழக்கப்படி சகோதரியின் மகளை மணக்கலாம். சகோதரனின் மகளுக்கு அந்த விலக்கு இல்லை. அக்காள் மகள் மருமகள் முறை, அண்ணன் மகள் மகள் முறை என்ற அதே கோட்டில் சட்டமும் வந்து நிற்கிறது. இன்னொன்று, சித்தப்பா மகளை மணப்பதற்கு அந்தப் பிரிவில் தடை ஏதும் இல்லை. அதைத் தடுப்பது தமிழ் மட்டுந்தான்; தங்கை என்று பெயர் வைத்துத் தடுக்கிறது.

அக்காள் மகளையோ மாமன் மகளையோ கட்டிக்கொள்ளச் சொல்லி நான் இதை எழுதவில்லை. நெருங்கிய ரத்த உறவில் பிறக்கும் பிள்ளைகளுக்குப் பரம்பரை நோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். அந்த வழக்கம் குறைவது நல்லதே. சொற்களை விடுவதற்கு அப்படி ஒரு காரணமும் இல்லை. அடுத்த விசேஷத்துக்கு அழைப்பிதழ் அடிக்கும்போது ‘அங்கிள்’, ‘ஆண்ட்டி’ என்று போடாமல், யார் மாமன், யார் சித்தப்பா, யார் அத்தை என்று பிரித்துப் போடுங்கள். மைக் பிடிக்கும் தம்பியிடமும் அந்தப் பட்டியலை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்.

(தொடரும்)