குழுக் கணக்கை மாதாமாதம் புதுப்பிக்க ஒரு மேக்ரோ

மகளிர் சுயஉதவிக் குழுவின் கணக்கை எழுதுபவரா நீங்கள்? நோட்டிலிருந்து கூகுள் ஷீட்ஸுக்கு மாறி, போனிலேயே சேமிப்பையும் தவணையையும் பதிந்து வருகிறீர்களா? அப்படியானால் மாதம் பிறந்ததும் செய்யும் வேலை உங்களுக்கு மனப்பாடம். போன மாத ஷீட்டை நகல் எடுக்கணும். முடிவுப் பாக்கியைத் தொடக்கப் பாக்கிக்குக் கொண்டுவரணும். பழைய தொகைகளை அழிக்கணும். இதில் ஒருவருடைய வரிசை தவறினாலும் கூட்டத்தில் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

இப்படித் திரும்பத் திரும்பச் செய்யும் வேலையை ஒரு தடவை செய்து காட்டினால் போதும். அதைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு, அடுத்த முறை நீங்கள் சொன்னதும் செய்து முடிக்கும் வசதிதான் மேக்ரோ. இதற்கு புரோகிராம் எழுதத் தெரிய வேண்டியதில்லை.

போனில் முடியுமா?

கூகுள் ஷீட்ஸ் ஆப்பில் மேக்ரோ வசதி கிடையாது. எக்ஸெல் மொபைல் ஆப்பிலும் மேக்ரோ ஓடாது. ஆகவே மேக்ரோவைப் பதிவு செய்யவும் ஓட்டவும் கம்ப்யூட்டர் வேண்டும். பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த லேப்டாப் வீட்டில் இருந்தாலே போதும். மாதம் ஒரு தடவை அதில் ஓட்டிவிட்டு, மற்ற நாட்களில் வழக்கம்போல போனில் பதியலாம்.

ஷீட்டை எப்படி அமைப்பது?

ஏ பத்தியில் உறுப்பினர் பெயர், பி-யில் தொடக்கக் கடன் பாக்கி, சி-யில் இந்த மாதச் சேமிப்பு, டி-யில் கட்டிய அசல் தவணை, ஈ-யில் முடிவுப் பாக்கி என்று வையுங்கள். ஈ பத்தியில், பி-யிலிருந்து டி-யைக் கழிக்கும் ஃபார்முலா இருக்கட்டும். முதல் வரிசையில் மொத்தத் தொகைகள், 2-வது வரிசையில் தலைப்புகள், 3-வது வரிசையிலிருந்து பெயர்கள். மொத்தத்தை ஏன் மேலே வைக்கிறோம் என்பது கொஞ்ச நேரத்தில் புரியும்.

பதிவு செய்யும் முறை

1. போன மாத ஷீட்டை நகல் எடுத்து, புது மாதத்தின் பெயரைக் கையாலேயே வையுங்கள். அந்தப் புது ஷீட்டில் இருந்தபடியே தொடங்குங்கள்.

2. எக்ஸ்டென்ஷன்ஸ் மெனுவில் மேக்ரோஸ், அதில் ரெக்கார்ட் மேக்ரோ. கீழே வரும் பெட்டியில் அப்சல்யூட் ரெஃபரன்சஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். எப்போதும் இதே கட்டங்களில் வேலை செய் என்று அதற்கு அர்த்தம்.

3. ஈ3 முதல் ஈ40 வரை தேர்ந்தெடுத்து காப்பி செய்யுங்கள். பி3-ஐ கிளிக் செய்து, கன்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். ஃபார்முலா வராமல் தொகை மட்டும் ஒட்டப்படும்.

4. பிறகு சி3 முதல் டி40 வரை தேர்ந்தெடுத்து டெலீட். இந்த வரிசையை மாற்றாதீர்கள். முதலில் அழித்துவிட்டால், கட்டிய தவணை கழியாமல் பழைய பாக்கியே திரும்ப வந்துவிடும்.

5. சேவ் கொடுத்து, ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் ஒரு பெயர் வையுங்கள்.

அவ்வளவுதான். பதிவு செய்யும்போதே இந்த மாத வேலையும் முடிந்துவிடும். அடுத்த மாதம் புது ஷீட்டில் நின்று, அதே மெனுவில் இந்தப் பெயரைக் கிளிக் செய்தால் போதும். முதல் தடவை மட்டும் அனுமதி கேட்கும்.

எங்கே தவறும்?

மேக்ரோ நீங்கள் செய்ததை மட்டுமே திரும்பச் செய்யும். நீங்கள் மனதில் நினைத்தது அதற்குத் தெரியாது. குழுவில் 12 பேர் என்று 14-வது வரிசை வரை மட்டும் பதிவு செய்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பிறகு சேரும் 13-வது உறுப்பினர் 15-வது வரிசையில் வருவார். மேக்ரோ அவரைத் தொடவே தொடாது. போன மாதம் அவர் கட்டிய தவணை, இந்த மாதமும் கட்டியதாகவே நிற்கும். பணம் வராமலே கணக்கில் வரவு ஏறிவிடும். அதனால்தான் 40-வது வரிசை வரை எடுத்தோம். மொத்தத்தையும் வழியில் இல்லாமல் மேலே வைத்தோம்.

மாத நடுவிலோ, பழைய ஷீட்டில் நின்றோ ஓட்டினால் பதிந்த தொகைகள் அழிந்துவிடும். அப்படி நேர்ந்தால் பதற வேண்டாம். ஃபைல் மெனுவில் வெர்ஷன் ஹிஸ்டரிக்குப் போனால் முந்தைய நிலையைத் திரும்பக் கொண்டுவரலாம்.

ஒவ்வொரு முறை ஓட்டியதும் இரண்டைச் சரிபாருங்கள். போன மாத முடிவுப் பாக்கி மொத்தமும் இந்த மாதத் தொடக்கப் பாக்கி மொத்தமும் ஒன்றாக இருக்கணும். சேமிப்பு, தவணை மொத்தங்கள் பூஜ்யமாக இருக்கணும்.

அடுத்தவர் மேக்ரோ வேண்டாம்

மேக்ரோ வழியாக வைரஸும் வரும். 1999-ல் பரவிய மெலிசா வைரஸ், வேர்ட் ஃபைலின் மேக்ரோவில் ஒளிந்து ஈமெயிலில் வந்ததுதான். இணையத்திலிருந்து வரும் ஃபைல்களின் மேக்ரோவை மைக்ரோசாஃப்ட் 2022 முதல் தானாகவே தடுக்கிறது. வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ வந்த எக்ஸெல் ஃபைல், எனேபிள் கன்டென்ட் கொடுக்கச் சொன்னால் கொடுக்காதீர்கள். அனுப்பியவர் தெரிந்தவராகவே இருந்தாலும், முதலில் போன் போட்டுக் கேளுங்கள். மோசடியில் பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

உங்கள் கணக்கு ஃபைலுக்கு இன்றே ஒரு நகல் எடுத்து, அதில் முதலில் பழகிப் பாருங்கள். இரண்டு மொத்தங்களும் சரியாக வந்த பிறகு உண்மையான கணக்கில் பதிவு செய்யுங்கள்.